ஒற்றைக் கண்ணோடு ஓடுபாதையில்

விமானம் ஓட்டப் பழகுகிறவன் பாதி நேரம் வானத்தில் இருப்பதில்லை, யாராவது ஒருவருடைய மேசைக்கு முன்னால்தான் நிற்பான். ஒரு கண்ணோடு பழகுகிறவன் முக்கால்வாசி நேரமும் அங்கேதான்.

கல்முனைக்குடியில் தோணி எஞ்சின் திருத்தும் கராஜ் வைத்திருந்தேன். சுனாமி வந்த காலையில் ஒரு கூரைத் தகரம் என் இடது கண்ணைக் கொண்டுபோனது. ஒற்றைக் கண் கூட்டாளிகளே, முதல் வருடம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுவோம். படி இல்லாத இடத்தில் காலைத் தூக்கி வைப்போம். இடது பக்கமாக வந்து சலாம் சொன்னவர், நாம் பெருமை பிடித்துத் திரிகிறோம் என்று கோபித்துக்கொண்டு போவார்.

பிறகு கட்டாருக்குப் போய், விமான நிலையத்தில் பெட்டி இழுக்கும் வண்டிகளைத் திருத்தினேன். நாலு வருடம் விமானங்கள் எழும்புவதைப் பார்த்தபடியே நட்டு முடுக்கினேன். யுத்தம் முடிந்து ஊருக்கு வந்ததும் ஆசையை மனைவி ஸரீனாவிடம் சொன்னேன். ஆள் ஏற்றிக் காசு உழைக்க முடியாத, சொந்த ஆசைக்கு ஓட்டுகிற அனுமதிப்பத்திரம்தான். அவள் சட்டியைக் கிளறியபடியே சொன்னாள்: "முதல்ல தேத்தண்ணியக் கோப்பைக்குள்ள ஊத்திக் காட்டுங்க."

மற்றக் கண்

கொழும்பில் வைத்தியப் பரிசோதனை. முன் அறையில் இருந்த எழுதுவினைஞர் என் படிவத்தைப் பார்த்ததுமே கோவையை மூடிவிட்டார். டொக்டரைக் காணாமல் போகமாட்டேன் என்று வாங்கிலில் குந்திவிட்டேன். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். டொக்டர் என் வலது கண்ணால் எழுத்துகளை வாசிக்கவைத்தார். கடைசி வரி வரை வாசித்தேன். "சரி, இனி மற்றக் கண்" என்றார். "அது கண்ணாடி, டொக்டர்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அலுமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து, விரலை வைத்து வைத்து வாசித்தார். கண் போய் எவ்வளவு காலம், வீதியில் எதிலாவது மோதியிருக்கிறேனா என்றெல்லாம் கேட்டார். கடைசியில் புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்: "ஒரு கண்காரனுக்கு ஏலாது எண்டு இதில எழுதயில்ல, தம்பி. பறந்து காட்டச் சொல்லித்தான் எழுதியிரிக்கி."

வரைபடம்

விமானிகளின் வரைபடத்தில் இலங்கை முழுவதும் இருக்கும். நான் சேர்ந்திருந்த இரத்மலானைப் பயிற்சி நிலையம் தந்த வீட்டுப்பாடமாக, அங்கிருந்து மட்டக்களப்புக்குப் பென்சிலால் கோடும் போட்டிருந்தேன். யுத்தம் முடிந்தும் சோதனைச் சாவடிகள் முடியாத காலம். கொழும்பு பஸ்ஸை மறித்த சார்ஜன்ட் என் பையைத் திறந்தார், வரைபடம் விரிந்தது, பென்சில் கோட்டில் அவர் விரலை வைத்தார்.

என்னை இறக்கிவிட்டு பஸ் போய்விட்டது. எனக்குத் தெரிந்த அரைச் சிங்களத்தில் எல்லாம் சொன்னேன். ஒரு கண் இல்லாதவன் விமானம் பழகுகிறான் என்றால் யார்தான் நம்புவார்? இரண்டு மணித்தியாலம் மணல் மூட்டைக்குப் பக்கத்தில் நின்றேன். கடைசியில் பயிற்சி நிலையத்துக்கு டெலிபோன் கோல் எடுத்தார்கள். என் பயிற்றுநர் கப்டன் திலினி, என்னைவிட எட்டு வயது இளைய பெண், 'நாளைக்கு அவருக்குப் பாடம் இருக்கிறது, உடனே அனுப்புங்கள்' என்று அதட்டினாராம். சார்ஜன்ட் வரைபடத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து என்னிடம் தந்தார். "ஒரு கண்ணோட மேல போறியா? எனக்கு ரெண்டு கண் இருந்தும் தரையிலயே பயம்."

மூன்று இறக்கம்

ஏறுவது யாருக்கும் கஷ்டமில்லை. தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று அறிவதில்தான் என் ஒற்றைக் கண் என்னைக் கைவிட்டது. ஒருநாள் சக்கரம் பட்டு எழும்பி, பட்டு எழும்பி, மூன்றாம் முறைதான் விமானம் தரையில் நின்றது. திலினி பதிவுக் கொப்பியைத் திறந்து, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டார்: "ஒரு சுற்றில மூண்டு தரம் இறங்கியிருக்கிறீங்க. மூண்டையும் எழுதவா?"

பிளாஸ்டர்

விட்டுவிட்டு ஊருக்குப் போவோம் என்று துணிகளை மடித்து வைத்துவிட்டேன். அடுத்த நாள் காலை சொல்லிக்கொண்டு வரத்தான் போனேன். திலினி தன் இடது கண்ணுக்குப் பஞ்சு வைத்துப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு நின்றார். பக்கத்து ஆசனத்தில் இன்னொரு பயிற்றுநரை இருத்தி அவரே ஓட்டினார். முதல் இறக்கத்தில் விமானம் என்னுடையதைப் போலவே துள்ளியது. இறங்கி வந்து என் முன்னால் நின்றார். "நேற்று உங்களப் பகிடி பண்ணினதுக்கு மன்னிக்கணும். வாங்க, ரெண்டு பேருமாக் கண்டுபிடிப்போம்."

சத்தம்

கண்டுபிடித்தோம். கீழே பார்க்கக்கூடாது, ஓடுபாதையின் தூர முனையைப் பார்க்கவேண்டும். இரு கரையும் அகன்று தோள் அளவுக்கு உயர்ந்து வருவதுபோலத் தெரியும்போது மூக்கை மெல்லத் தூக்கவேண்டும். மூன்று கிழமை அதையே செய்தோம். ஒரு செவ்வாய்க்கிழமை திலினி கதவைத் திறந்து இறங்கினார், என்னைத் தனியே போகச் சொன்னார். பிஸ்மி சொல்லி எழும்பினேன். பார்வையில்லாத இடது பக்கத்தைப் பார்க்கக் காகம் போலக் கழுத்தைத் திருப்பித் திருப்பி ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கினேன். என் ஒவ்வோர் இறக்கத்துக்கும் டயரைத் தடவிப் பார்க்க வருகிற மெக்கானிக் அன்றைக்கும் வந்தார். "சத்தமே கேக்கல்லியே! இறங்கிட்டீங்களா, இல்ல இன்னும் மேலதான் நிக்கிறீங்களா?"

பரீட்சகர்

கடைசிப் பரீட்சையில் பரீட்சகர் எஞ்சின் விசையைக் குறைத்துவிட்டு, "எஞ்சின் நின்றுபோச்சு, எங்க இறங்குவீங்க?" என்றார். நான் தூரத்து வயல் ஒன்றைக் காட்டினேன். கிட்ட இருந்த பெரிய வெளியை ஏன் விட்டேன் என்று கடுமையாகக் கேட்டார். குறுக்கே மின்கம்பி போகிறது என்றேன். எனக்குக் கம்பி தெரிவதில்லை, அதனால் எப்போதும் தூண்களைத் தேடுகிற பழக்கம். இரண்டு தூண் கண்டால் நடுவில் கம்பி இருக்கும். அவர் தாழப் பறக்கச் சொன்னார். கம்பி இருந்தது.

தரையில் வந்து கையெழுத்துப் போட்டார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கம்பி எனக்குத் தெரியயில்ல. இத நான் அறிக்கையில எழுதமாட்டன், நீங்களும் ஊரில சொல்லிப்போடாதீங்க."

ஸரீனா

மட்டக்களப்புக்குப் பறக்க அனுமதி கிடைத்த நாளில் ஸரீனாவை அங்கே ஏற்றிக்கொண்டு தெற்கே திரும்பினேன். சுனாமியன்று அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி, வயல் வரம்பில் ஏறித் தப்பியவள். அதன்பின் கடற்கரைப் பக்கமே போனதில்லை. ஓதியபடி கண்ணை மூடியிருந்தவள், "கல்முனை" என்று நான் சொன்னதும் திறந்தாள். கடலுக்கும் வயலுக்கும் நடுவில் ஒரு கைலேஞ்சித் துணி அகலத்தில் ஊர் கிடந்தது. பள்ளிவாசலைக் கண்டாள், எங்கள் தெருவைக் கண்டாள், அந்த வரம்பையும் கண்டாள். "இஞ்சாருங்க, அண்டைக்கு நான் ஓடின தூரம் இவ்வளவுதானா? எனக்குக் கொழும்புக்கு ஓடின மாதிரியெல்லோ இருந்திச்சி."

அனுமதிப்பத்திரம் கிடைத்த நாளிலிருந்து வானத்தில் என் கண்ணைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை, கல்முனைச் சந்தியில் மோட்டார் சைக்கிளைத் திருப்பும்போது மட்டும் பின்னால் வருகிறவர்கள் "கண் தெரியாதா?" என்று கத்துகிறார்கள்.