ஊஞ்சல் அக்காவும் பூண்டு வாசனையும்

ஊஞ்சல் என்று அவளுக்குப் பேர் வைத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப்போகச் சொல்ல தைரியம் வராது.

எங்கள் தையல் கம்பெனியில் மூன்றாவது லைனில் காலர் தைப்பவள் அவள். இருபத்தொரு வருஷமாக அதே வேலை. காலரின் இரண்டு முனையும் ஒன்றுபோல வர வேண்டும், மயிரிழை பிசகினாலும் சட்டை திரும்பி வந்துவிடும். அக்கா அளவுகோலைத் தொட்டுப் பார்த்ததே இல்லை. கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, "இடது பக்கம் கொஞ்சம் கொழுத்திருக்கு" என்பாள். அளந்து பார்த்தால் கொழுத்துத்தான் இருக்கும். அந்தக் காலரைச் சட்டையில் ஏற்றுவது அடுத்த மெஷினில் இருக்கும் என் வேலை. புருஷன் விட்டுவிட்டுப் போனது, மகனை வேன் டிரைவர் ஆக்கியது, சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருப்பது, எல்லாம் மெஷின் சத்தத்துக்கு நடுவே எனக்குச் சொன்ன கதைகள்தான். என்னிடம் எதையும் மறைத்ததில்லை அவள். நான்தான் கள்ளி.

ஒரு கோடையில் அக்கா ஸ்டூலில் உட்கார முடியாமல் நெளிய ஆரம்பித்தாள். முன்னே சாய்வாள், பின்னே சாய்வாள், ஒரு பக்கமாக உட்காருவாள், மறுபடி மாறுவாள்.

"என்னக்கா, ஊஞ்சல் ஆடறே?" என்றேன்.

லைனே சிரித்தது. சாயங்காலத்துக்குள் பேர் ஒட்டிக்கொண்டது. எனக்கு அது என்ன நெளிவு என்று நன்றாகத் தெரியும். ஏனென்றால் எனக்கும் அதே அரிப்பு, அதே எரிச்சல், திரிந்த பால் மாதிரி அதே வெள்ளை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் இருந்தேன், அவ்வளவுதான். ஒருத்தி ஆடிக்கொண்டிருந்தால் மற்றவளை யார் பார்க்கப் போகிறார்கள்?

வராமல் எப்படி இருக்கும்? கம்பெனி கொடுத்த நைலான் கால்சட்டை, ரெக்சின் போட்ட ஸ்டூல், வேர்வை ஊறின துணியோடு பத்து மணி நேரம். கழிவறைக்குப் போக லைனுக்கு ஒரே டோக்கன், கதவோரம் ஆணியில் தொங்கும். அதை எடுத்தால் சூப்பர்வைசர் நோட்டில் நம் பேருக்கு நேரே ஒரு கோடு போடுவார். கோட்டுக்குப் பயந்து நாங்கள் பலபேர் தண்ணீரே குடிக்க மாட்டோம்.

ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். ஆனால் நடத்தை சரியில்லாதவளுக்குத்தான் இது வரும் என்று எவளோ சொன்னதை நான் நம்பிக்கொண்டிருந்தேன். அதனால் காதும் காதும் வைத்தாற்போல வீட்டு வைத்தியம். முதலில் தயிர் தடவினேன். கொஞ்ச நேரம் குளுகுளு என்று இருந்தது, பிறகு பழைய கதைதான். வினிகர் கலந்த தண்ணீரில் கழுவினேன், கண்ணில் தண்ணீர் வந்தது. கடைசியாகச் செல்போன் வீடியோவில் ஒருத்தி வாய் கிழியப் பேசினாள்: ஒரு பல் பூண்டை உரித்து, நூல் கோத்து உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், இயற்கை மருத்துவம், பக்கவிளைவே கிடையாது.

நூல் என்றதும் என் தையல்காரி புத்தி விழித்துக்கொண்டது. வீட்டு நூல் அறுந்துவிடும் என்று, கம்பெனியில் கனத்த துணி தைக்கும் நைலான் நூலைச் சுருட்டிக்கொண்டு வந்து, இரட்டையாகக் கோத்து, முடிச்சும் போட்டு, ராத்திரி வைத்துக்கொண்டு படுத்தேன். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் இழுத்தால், அந்த நூல் பூண்டை இரண்டாக அறுத்துக்கொண்டு தான் மட்டும் வந்தது. பாதிப் பல் உள்ளேயே நின்றுவிட்டது. நேரமாகிவிட்டது, அப்படியே ஓடினேன்.

பத்து மணிக்கெல்லாம் உள்ளே தீயாக எரிந்தது. எழுந்து போனால் கோடு விழும், எல்லோரும் பார்ப்பார்கள். அப்போதுதான் பட்டன் தைப்பவள் மூக்கைச் சுருக்கினாள்.

"யாருடி இங்க பூண்டு உரிச்சது? கப்புனு அடிக்குது!"

நாலைந்து மெஷின்கள் நின்றன. நான் தலையைத் தூக்கவில்லை. தாடையால் அக்கா பக்கம் காட்டினேன்.

"ஊஞ்சலுக்கு இப்ப பூண்டு வேறயா!" என்று ஒருத்தி சொல்ல, மறுபடியும் சிரிப்பு. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கையிலிருந்த காலரைத் திருப்பிப் போட்டாள்.

"ஆமாண்டி, காலையில உரிச்சேன். கை கழுவ மறந்துட்டேன்," என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கழிவறையில் அந்தப் பாதிப் பல்லை ஒருவழியாக எடுத்தேன். எரிச்சலில் அழுதேன் என்றுதான் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வாரம் சூப்பர்வைசர் மெஷின்களை நிறுத்தச் சொல்லி நோட்டைத் திறந்தார். அந்த மாதம் டோக்கனை அதிகம் எடுத்தது அக்கா, நாற்பத்தொரு கோடு. திங்கட்கிழமையிலிருந்து அவள் பேக்கிங்குக்குப் போக வேண்டும் என்றார். பேக்கிங் என்றால் நாள் முழுக்க நின்றுகொண்டு அட்டைப்பெட்டி ஒட்டுவது. அங்கே போன யாரும் மெஷினுக்குத் திரும்பி வந்ததில்லை. அந்தக் கட்டைவிரலுக்கு அங்கே வேலையே கிடையாது.

அக்கா எழுந்து நின்றாள். "எதுக்குப் போறேன்னு கேளுங்க சார்."

"அதெல்லாம் எனக்கெதுக்கும்மா?"

"கோடு போட்டது நீங்கதானே, நீங்கதான் கேக்கணும். எனக்கு வெள்ளைப்படுது. அரிக்குது. பூஞ்சைன்னு ஆஸ்பத்திரியில நர்ஸம்மா பாத்துச் சொன்னாங்க."

சூப்பர்வைசர் நோட்டைப் புரட்ட ஆரம்பித்தார். அக்கா விடவில்லை.

"கல்யாணம் ஆகாத பொண்ணுக்குக்கூட வருமாம், இதுல வெக்கப்பட ஒண்ணுமில்லையாம். சக்கரை இருக்கான்னும் பாத்தாங்க, இல்ல. ஒரு களிம்பு குடுத்தாங்க. திரும்ப வராம இருக்க மருந்து வேணாம், பருத்தித் துணி போடு, ஈரத்தோட உக்காராதே, வேர்த்தா மாத்து, வெளிய மட்டும் வெறும் தண்ணியில கழுவுன்னாங்க. நான் என் உள்துணியை மாடியில துண்டுக்கு அடியில மறைச்சுக் காயப்போடுவேன், ஆம்பளைங்க வருவாங்கன்னு. அது காயறதே இல்ல. இப்ப வெயில்ல போடறேன், பாக்கறவன் பாக்கட்டும். என் வீட்டுல நான் மாத்திக்கிட்டேன் சார். களிம்பு ஏழு நாள்ல தீந்துடும். இந்த ஸ்டூலு தீருமா?"

யாரும் சிரிக்கவில்லை. அவள் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"என்னை மாதிரி இருக்கறவங்க கையைத் தூக்குங்கடி."

முதலில் தூக்கியது பட்டன் தைப்பவள். பிறகு இஸ்திரி போடும் அம்மா. அப்புறம் ஒவ்வொன்றாகப் பதினொரு கை. நான் குனிந்து, நூல் நிறைய இருந்த பாபினைக் கழற்றி, அதற்கு மறுபடி நூல் சுற்றிக்கொண்டிருந்தேன்.

சூப்பர்வைசர் "சரி சரி, உக்காருங்க" என்று நோட்டை மூடினார். திங்கட்கிழமை யாரும் பேக்கிங்குக்குப் போகவில்லை. ஆணியில் டோக்கன் இரண்டு தொங்கியது, நோட்டைக் காணோம். பருத்தியில் கால்சட்டை கேட்டு எழுதிய மனுவில் லைன் முழுக்கக் கையெழுத்துப் போட்டது. கூட்டத்தோடு கூட்டமாக நானும் போட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை ஸ்டூல்களுக்குப் பருத்தி உறை போட்டிருந்தது. கழித்துக் கட்டிய சட்டைகளை வெட்டி, ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அக்கா தைத்தது. கை தூக்கினவர்கள் பதினொரு பேர், அவளோடு பன்னிரண்டு. அவள் தைத்திருந்த உறை பதின்மூன்று. பதின்மூன்றாவது என் ஸ்டூலில் இருந்தது, மூலைகள் நான்கும் காலர் முனை மாதிரி ஒன்றுபோல.

நான் நின்றுகொண்டே இருந்தேன். அக்கா மெஷினைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"உக்காருடி. உள்ள எதையும் வெக்காதே, புண்ணாயிடும். நாளைக்கு நர்ஸம்மாகிட்ட கூட்டிட்டுப் போறேன்."

போனேன், குணமானது. அதற்குப் பிறகு நான் அவளைக் காலர் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். மற்றவர்கள் விடவில்லை. போன மாதம் லைனில் புதிதாகச் சேர்ந்தவள் அவளிடமே கேட்டாள், "ஊஞ்சல்னு உங்களுக்கு யாரு பேர் வச்சதுக்கா?"

நான் மெஷினை நிறுத்தினேன். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது.

"யாரோ வச்சாங்க, ஞாபகமில்ல," என்றாள் அக்கா.

நான் நூல் நிறைய இருந்த பாபினைக் கழற்றினேன்.