கரையாத மருந்தும் கறுப்புத் துணியும்

சும்மா பொறாமை இல்லை, வயிறு பற்றி எரிந்த பொறாமை. என்னோடு ஆய்வு செய்தவள்மேல்தான். அவள் தம்பலகாமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். எனக்கு ஒரு வருடம் இளையவள். "அக்கா, அக்கா" என்று ஆசையாகத்தான் கதைப்பாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

துறைமுகத்தைப் பார்த்த எங்கள் ஆய்வுகூடத்தில் பேராசிரியை மேடம் இருவருக்கும் ஒரே மருந்தைத் தந்திருந்தார். இரத்த அழுத்தத்துக்கான மஞ்சள் தூள் அது. தண்ணீரில் கரையாது, வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும். மாப்பொருளிலிருந்து செய்யும் சைக்ளோடெக்ஸ்ட்ரினின் மூலக்கூறு ஒரு வளையம். அதன் நடுக்குழிக்குள் மருந்தை உட்கார வைத்துவிட்டால் தண்ணீர் அதை ஏற்றுக்கொள்ளும். யாருடையது நன்றாகக் கரைகிறதோ அவரைத்தான் தற்காலிக விரிவுரையாளர் வேலைக்குச் சிபாரிசு செய்வேன் என்று மேடம் சொல்லியிருந்தார். இருந்தது ஒரே இடம். எனக்கு அது வேண்டும்.

மருந்தையும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் தூளையும் சில துளி தண்ணீர் விட்டுக் குழவியால் குழைக்க வேண்டும். நான் ஆய்வுக் கட்டுரையில் இருந்த அளவுத் தண்ணீரை அப்படியே அளந்து விட்டேன். ஒவ்வொரு முறையும் கூழாகிப் போனது. அவள் அளக்கவே இல்லை.

"ரொட்டிக்கு மாக் குழைக்கிற பதந்தான் அக்கா. குழவியில ஒட்டக் கூடாது," என்றாள்.

அவளுடையது தண்ணீரில் போட்டதும் கரைந்தது. என்னுடையது அடியில் போய்க் கிடந்தது. நாலு வருடம் படித்துப் பட்டம் வாங்கிய எனக்கு ரொட்டிப் பதம் தெரியாதாம்.

ஒரு வெள்ளிக்கிழமை, குழைத்ததை ஒரு தட்டிலும் ஒப்பிடுவதற்கு வெறும் மருந்தை இன்னொரு தட்டிலும் பரப்பி, யன்னலோர மேசையில் வைத்துக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு ஊருக்குப் போனாள். சனிக்கிழமை காலை தென்மேற்கிலிருந்து நல்ல கச்சான் காற்று. நான் போய்ப் பார்த்தபோது துணி நிலத்தில் கிடந்தது, தட்டுகளில் நேர் வெயில். அந்த நேரம் பார்த்து அவளுடைய அழைப்பு வந்தது.

"அக்கா, காத்து பலமா அடிக்குது. துணி மூடினபடி கிடக்கோ? ஒருக்காப் பாருங்கோ."

"ஓம், கிடக்கு," என்றேன். துணியைக் காலால் மேசைக்கடியில் தள்ளிவிட்டேன்.

திங்கட்கிழமை அவள் வந்து மேசைக்கடியில் கிடந்த துணியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இரண்டு தட்டுகளையும் சோதித்தாள். வெறும் மருந்து கெட்டுப் போயிருந்தது. குழைத்தது பெரும்பாலும் அப்படியே இருந்தது. வளையம் அதை வெயிலிலிருந்தும் காப்பாற்றியிருந்தது. மேடத்துக்கு நம்ப முடியவில்லை.

"வெயிலில வச்சுப் பாக்க ஆருக்கு யோசனை வந்தது?"

"அக்காவுக்குத்தான் மேடம். அவதான் துணியை எடுத்துப்போட்டுப் பாப்பம் எண்டவ."

மேடம் என் பக்கம் திரும்பி, "கெட்டிக்காரி," என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஆறு மாதமாகக் குழவியைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். வேலை அவளுக்குக் கிடைத்தது, அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தச் சொல்லையும் அவள் கையால் வாங்க வேண்டி வந்ததே, அதுதான் இன்றைக்கும் எரிகிறது.