முதல் வாய்

அடிதடி வழக்கொன்றில் விசாரணைக் கைதியாக உள்ளே போன சில வாரங்களில் என் தம்பி சாப்பாட்டை நிறுத்திவிட்டான். சாம்பாரில் விஷம் கலக்கிறார்கள் என்று ஒரு குரல் காதுக்குள் சொல்கிறதாம். சோற்றையே தொடாதவன் மாத்திரையை எங்கே தொடுவான்?

ஒன்றரை வயது மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, இரும்புலியூரிலிருந்து ரயிலும் பேருந்தும் மாறி ‘மனு’ பார்க்கப் போவேன். சிறையில் கைதியைச் சந்திப்பதற்கு அப்படித்தான் பெயர். மகள் சாப்பிட்டிருப்பாளா என்று பாதி மனம், தம்பி சாப்பிட்டிருப்பானா என்று மீதி.

முதல் முறை பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். வாசலில் எந்தப் பாக்கெட்டையும் பிரித்துப் பார்த்துத்தான் உள்ளே அனுப்புவார்கள். பிரித்த பாக்கெட் அவன் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை.

“பிரிச்ச பாக்கெட்ட எதுக்குக்கா குடுத்த? உன்கிட்டயும் சொல்லி அனுப்பிட்டாங்களா?” என்றான் அடுத்த முறை, கம்பி வலைக்கு அப்பாலிருந்து.

அன்றே சிறைக்கு வரும் மனநல மருத்துவரைப் பார்க்க அனுமதி கேட்டேன். எதையாவது தப்பாகச் சொல்லி வழக்கைக் கெடுத்துவிடுவேனோ என்று பயந்து பயந்துதான் பேசினேன். அவர் முழுவதையும் கேட்டார்.

“விஷம் இல்லைன்னு அவர்கிட்ட வாதாடாதீங்கம்மா. வாழைப்பழம் கொண்டு வாங்க, தோலோட இருக்கும். சாப்பாட்டு விஷயத்துக்கு, உள்ள இருக்கற ஒருத்தர்கிட்ட சொல்லி வைக்கிறேன். முதல்ல சோறு இறங்கட்டும். மாத்திரை அப்புறம் இறங்கும்.”

அந்த ஒருத்தர் யாரென்று அடுத்த மனுவில் தெரிந்தது. தம்பியோடு ஒரே அறையில் இருக்கும் நடுத்தர வயதுக் கைதி. அவரைப் பார்க்க வந்த மனைவி என் பக்கத்தில் நின்றிருந்தார். சுற்றிலும் இரைச்சல். எல்லோரும் கத்தித்தான் பேச வேண்டும். வலைக்கு அப்பால் தம்பியின் பக்கத்தில் நின்று அவரும் கத்தினார்.

“தங்கச்சி, உன் தம்பிக்கு நான்தான் டெஸ்டிங் மிசினு! மூணு வேளையும் அவன் தட்டுல மொத வாய் நான் துன்றேன். என் மூஞ்சியவே பாத்துகினு குந்திகினு இருப்பான். நான் சாவலைன்னா, அப்பால அவன் துன்னுவான்.”

“எனக்காக ஒரு நாளாவது இப்டி பண்ணிருக்கியாய்யா நீ?” என்றார் மனைவி.

“உன் சமையலத் துன்னுதான்டி இந்த தைரியமே வந்துச்சு.”

தம்பி சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலமாயிற்று.

“உங்களுக்குக் கஷ்டமா இல்லையாண்ணா?” என்று கேட்டேன்.

“இன்னா கஷ்டம்? அவன் சொல்றது நெசம்னா மொதல்ல போறது நான்தான? அப்டி கூடவே ஒருத்தன் கீறான்னு அவனுக்குத் தெரியணும்ல.”

ரயிலில் திரும்பும்போது மகளை நினைத்துக்கொண்டேன். ஒரு வேளை சோறு ஊட்டி முடிப்பதற்குள் என் மகளிடம் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. யாரோ பெற்ற பிள்ளைக்காக, அவன் பயத்துக்குள்ளேயே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள ஒரு மனிதரால் முடிகிறது. அதுவும் அந்தச் சுவர்களுக்குள். அடுத்தடுத்த வாரங்களில் மாத்திரையும் மெல்ல மெல்ல இறங்க ஆரம்பித்தது.

பிறகொரு நாள் தம்பி தனியாக வந்து நின்றான். அந்த அண்ணனைக் காலையிலேயே கோர்ட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்களாம். கேட்கலாமா, கேட்டால் கெட்டுவிடுமா என்று தயங்கித்தான் கேட்டேன்.

“சாப்ட்டியாடா?”

“ம்ம். அவருக்கும் வாங்கி வச்சிருக்கேன்க்கா. பசியோட வருவாரு. கெட்டுப் போயிருக்கான்னு ஒரு வாய் தின்னு பாத்துட்டுத்தான் மூடி வச்சேன்.”