ஒரு நகல் போதும்

ஒரகடத்தில் நைட் ஷிப்டு முடித்த கையோடு, இருப்பிடச் சான்றிதழுக்காக ஸ்ரீபெரும்புதூரில் ஓர் அரசு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். மனு வாங்கும் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு, தாளை முகத்தருகே பிடித்துப் படிப்பார். படித்ததும் கூடுதல் நகல்களை உருவி நம்மிடமே திருப்பித் தந்துவிடுவார்.

எனக்கும் இரண்டு நகல்கள் திரும்பி வந்தன. நகல் குறைவாகப் போதும் என்று சொல்லும் அலுவலரை அதுவரை நான் பார்த்ததில்லை. மனுவே தள்ளுபடியோ என்று பயந்துபோனேன்.

“மூணையும் வச்சுக்கிடுங்க மேடம்.”

“ஒண்ணே போதும் தம்பி. அங்க பாரு.”

எதிரே இருந்த நாற்காலியில் நகல் கட்டுகள் ஆள் உட்கார்ந்த உயரத்துக்கு ஏறியிருந்தன.

“காயிதத்த உக்கார வச்சுட்டு மனுசங்கள நிக்க வச்சிக்கினு இருக்கோம்.”

பழைய தாளை அரைத்துச் செய்த பழுப்புக் காகிதத்தில் ஒப்புகைச் சீட்டு எழுதித் தந்தார். வெள்ளைத் தாளில் கேட்கலாமா என்று நினைத்தேன், கேட்கவில்லை.

சான்றிதழ் வாங்க மறுபடி போனபோது அந்த நாற்காலி காலியாக இருந்தது. துடைத்துக்கூட வைத்திருந்தார். வரிசை அதைச் சுற்றிக்கொண்டு வளைந்து நின்றது.

“உக்காருப்பா,” என்றார் என்னிடம்.

“இருக்கட்டும் மேடம்.”

இரவெல்லாம் கம்பெனி லைனில் நின்று வேலை பார்த்த கால்கள் கெஞ்சின. ஆனாலும் உட்காரத் துணிவு வரவில்லை. எனக்குப் பின்னால் கைக்குழந்தையோடு நின்ற பெண்ணும் உட்காரவில்லை.

அந்த அம்மா எங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு தன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, நின்றபடியே அடுத்த மனுவை வாங்கினார்.