கௌதமன் நடத்திய கூட்டங்கள்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூட வேண்டிய பேரூராட்சி மன்றத்தைக் கௌதமன் திங்கட்கிழமை மாலையே கூட்டிவிட்டார். எதிரில் பதினைந்து காலி நாற்காலிகள். மேசைமேல் தீர்மானப் புத்தகமும் பிளாஸ்க்கில் டீயும். "மூணாவது வார்டு எந்திரிக்கறாருங்க" என்று முணுமுணுத்துவிட்டு, 'குடிநீர் விநியோகம் குறித்து உறுப்பினர் காரசாரமாக வினவினார்' என்று எழுதுகிறார். தலைவர் தக்க விளக்கம் அளிக்கிறார். உறுப்பினர் திருப்தியடைந்து அமர்கிறார். கௌதமன் ஒரு மடக்கு டீ குடித்துக்கொள்கிறார்.

திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பேரூராட்சி ஒன்றில் அவர் எழுத்தர். இந்த மன்றம் பதவியேற்ற நாலு வருடமாக நிஜக் கூட்டம் எட்டு நிமிடத்தைத் தாண்டியதில்லை. உறுப்பினர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வடைத் தட்டை எடுப்பார்கள். தலைவர் ஜெகதீஸ்வரன் "எல்லாம் பாஸுங்களா?" என்பார். வாயில் வடை இருப்பதால் யாரும் மறுப்பதில்லை. ஒன்பதாவது வார்டு ராசப்பன் இந்த நாலு வருடத்தில் அவையில் பேசிய ஒரே பேச்சு, "சட்னி பத்தலீங்க." தீர்மானப் புத்தகத்திலோ அவர் பக்கம் பக்கமாகப் புள்ளிவிவரங்களோடு முழங்கியிருக்கிறார்.

முதல் வருடம் கௌதமன் இத்தனை சிரமப்படவில்லை. 'ஏற்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். தணிக்கைக்கு வந்தவர்தான் 'மன்றம் பரிசீலித்ததற்கான சான்று இல்லை' என்று சிவப்பு மையில் எழுதிவிட்டுப் போனார். சான்றுதானே வேண்டும்! அன்று முதல் கௌதமன் மன்றத்தைப் பேச வைக்க ஆரம்பித்தார். விஷயம் அவருக்குப் பிடித்தும் போய்விட்டது.

அதிலும் அவர் ஒரு நியாயஸ்தர். யார் எந்த மாதம் பேசினார் என்று தனியாக ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறார். இரண்டு மாதம் வாய் திறக்காதவருக்கு மூன்றாம் மாதம் நல்ல பேச்சாகக் கொடுப்பார். வீட்டில் சாவு விழுந்த உறுப்பினரைப் பதினாறாம் நாள் முடியும்வரை பேசச் சொல்லித் தொந்தரவு செய்ய மாட்டார். ஒருமுறை பழநிக்கு நடந்து போயிருந்த உறுப்பினருக்கு, ஆள் இல்லாத குறை தெரியாமல் இருக்க, ஒரு வெளிநடப்பு கொடுத்தார்.

போன ஐப்பசி மழையில் டெங்கு வந்தது. மூன்று தெருக்களில் காய்ச்சல். இப்படிப்பட்ட சமயத்தில் தலைவர் மன்றத்தைக் கேட்காமலே அவசர உத்தரவு போடலாம். பிறகு மன்றம் அதை அலசிப் பார்த்து ஏற்கவோ தள்ளவோ வேண்டும். ஜெகதீஸ்வரன் கொசுவை ஒழிக்க வியாழக்கிழமைச் சந்தையை ஒரு மாதத்துக்கு மூடினார். அதில் யாருக்கும் குறை இல்லை. காய்ச்சல் கார்த்திகையோடு போய்விட்டது. உத்தரவுதான் போகவில்லை. சந்தை, தலைவருடைய மச்சினனின் கல்யாண மண்டப மைதானத்துக்கு மாறியது. மண்டபத்துக்கு அழைப்பிதழ் இல்லாமல் கொசு வராது போலிருக்கிறது. வேன் வைத்திருக்கிற வியாபாரிகளுக்கு அங்கே இடம் கிடைத்தது. கூடையோடு வந்த நாற்பது பெண்களை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினான். வியாழக்கிழமை விற்றால்தான் வெள்ளிக்கிழமை உலை வைக்கிற பெண்கள் அவர்கள்.

நாலாவது வார்டு உறுப்பினர் மாரக்காள் அவர்களில் ஒருவர். மரவள்ளிக்கிழங்குக் கூடையோடு இருபது வருடம் சந்தையில் உட்கார்ந்தவர். அந்தப் பெண்கள்தான் வீடு வீடாகப் போய் அவரை ஜெயிக்க வைத்தார்கள். இப்போது தினமும் காலையில் அவர் வாசலில் வந்து நிற்கிறார்கள். "தலைவரு போட்ட உத்தரவு கண்ணு, நானென்ன பண்ணட்டும்?" என்று சொல்லிச் சொல்லி அவருக்கே வெட்கமாகிவிட்டது.

மார்கழியில் மாவட்டத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவசர உத்தரவுகளை மன்றம் பரிசீலித்ததா, விவரம் அனுப்புக. கௌதமன் துண்டுச் சீட்டைப் பார்த்தார். மாரக்காள் பேசி மூன்று மாதம் ஆகியிருந்தது. கடிதம் வந்த உற்சாகத்தில் பேனா தானாக ஓடியது: 'அவசரம் முடிந்த பின்னும் அவசர அதிகாரம் தொடர்வது முறையல்ல என்றும், தை மாதத்துக்கு மேல் சந்தையை மூட வேண்டுமானால் காய்ச்சல் உள்ளதென்ற மருத்துவரின் சான்றை இம்மன்றத்தில் வாசிக்க வேண்டும், இல்லையேல் உத்தரவு தானே காலாவதியாகும் என்றும் திருமதி மாரக்காள் வலியுறுத்தினார். நீண்ட விவாதத்துக்குப் பின் ஒருமனதாக ஏற்கப்பட்டது.' படித்துப் பார்த்துவிட்டு, தானே "ஆகா" என்றார். பிறகு மறந்துவிட்டார். மாசிக் கூட்டத்தில் தடை மறுபடி நீண்டது.

பங்குனியில் மாரக்காள் தன் தெருக் குழாய் விஷயமாக மார்கழிக் கூட்டத்தின் தீர்மான நகல் கேட்டு வாங்கிப் போனார். ஐந்தாம் வகுப்புப் படிப்பு. வரிக்கு அடியில் விரலை ஓட்டித்தான் வாசிப்பார். மறுநாள் காலை அலுவலகத்துக்கு வந்து நின்றார்.

"ஏனுங்க தம்பி, நானா இத்தனை நல்லாப் பேசியிருக்கறனுங்க?"

கௌதமன் அவசரமாகப் பேனாவை மூடினார். "பேசுனீங்கக்கா. அன்னைக்குக் கொஞ்சம் சத்தமா இருந்துச்சு. அதனால உங்களுக்கு ஞாபகம் இருக்காது."

"அன்னைக்குக் கடவாப் பல்லப் புடுங்கிப்போட்டுப் பஞ்சு வெச்சுட்டு வந்திருந்தனுங்க. வாயே தொறக்கலீங்களே!" நகலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "ஆனா ஞாயமாத்தான் பேசியிருக்கறனுங்க. அப்பப் பேசாட்டிப் போகுது, இப்பப் பேசிப்போடறேன்."

அதைக் கேட்ட பிறகும் பழக்க தோஷம் விடவில்லை. திங்கட்கிழமை மாலை நாற்காலிகளுக்கு எதிரில் உட்கார்ந்து, 'சந்தைத் தடையை மேலும் மூன்று மாதம் நீட்டிப்பதைத் திருமதி மாரக்காள் வரவேற்றுப் பேசினார்' என்றே எழுதி வைத்தார்.

செவ்வாய்க்கிழமை தலைவர் "எல்லாம் பாஸுங்களா?" என்றதும், "இல்லீங்க" என்று ஒரு குரல் வந்தது. அவையில் வடை மெல்லும் சத்தம் நின்றது. மாரக்காள் எழுந்து, விரலை ஓட்டி ஓட்டி, தன் பேச்சை முழுதாக வாசித்தார். "தை முடிஞ்சு ரெண்டு மாசமாச்சுங்க. டாக்டர் காயிதம் எங்கீங்க? இல்லாட்டி நாளானைக்கு நாங்க பழைய எடத்துலயே கூடைய எறக்கறமுங்க."

தன் வாக்கியம் ஒன்றை ஒரு மனிதக் குரலில் கௌதமன் கேட்பது அதுதான் முதல் தடவை. பயமாக இருந்தது. நிஜத்தைச் சொன்னால், பெருமையாகவும் இருந்தது.

ஜெகதீஸ்வரன் சிரித்தார். "மாரக்கா, நீங்க எப்பீங்க இதெல்லாம் பேசுனீங்க? ஏப்பா கௌதமா, இவிங்க பேசலைன்னு எந்திரிச்சுச் சொல்லிப்போடு."

பதினைந்து பேரும் கௌதமனையே பார்த்தார்கள். பேசவில்லை என்றால் நாலு வருடப் புத்தகமும் பொய், வேலை போய்விடும். பேசினார் என்றால் தலைவர் சும்மா விடமாட்டார். சந்தை திறந்துவிடும், எழுத்தருக்கு எங்காவது மலை மேல் மாற்றல் வரும். மாரக்காள் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.

"சொல்லப்பா!"

கௌதமன் எழுந்தார். தீர்மானப் புத்தகத்தை எடுத்தார். மார்கழிப் பக்கத்தைப் புரட்டினார். மேசையைச் சுற்றிப் போய் அதைத் தலைவருக்கு முன்னால் விரித்து வைத்தார். பக்கத்தின் அடியில், 'மேற்கண்டவை என் முன்னிலையில் நடந்தன' என்ற வரிக்குக் கீழே ஜெகதீஸ்வரன் போட்டிருந்த கையெழுத்தின்மேல் ஆள்காட்டி விரலை வைத்து, எடுக்காமல் நின்றார்.