பதினெட்டாம் தேதி போக வேண்டியவன்

விமான நிலையத்தில் பெட்டியின் கைப்பிடியில் சுற்றிவிட்ட சீட்டை நான் இரண்டு மாதமாகக் கிழிக்கவில்லை. சிவப்புப் பெட்டி, வெள்ளைச் சீட்டு. மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் அதை நிறுத்தி வைத்திருந்தேன். பார்க்கிறவர்களுக்கு ஒரு செய்திதான் போய்ச் சேர வேண்டும்: இவன் லீவில் வந்திருக்கிறான், சீக்கிரமே திரும்பிப் போய்விடுவான். வந்திருக்கிறான் என்பது வரைக்கும் உண்மை.

வளைகுடாவில் ஓர் எண்ணெய் வயலில் குழாய் பொருத்தும் வேலை எனக்கு. ஃபிட்டராகப் போய், மேற்பார்வையாளனாக உயர்ந்து, ஒன்பது வருடமாக விரலை நீட்டி வேலை வாங்கியவன். எண்ணெய் விலை விழுந்ததும் முகாமின் சாப்பாட்டுத் தட்டிலிருந்து முதலில் மீன் போனது. அடுத்த மாதம் மீனைப் பொரித்தவர் போனார். அதற்கடுத்த மாதம் மீனைத் தின்றவர்களைக் கூப்பிட்டார்கள். “நிலைமை சரியானதும் அழைக்கிறோம்” என்றார்கள். விமானத்தில் இருந்தவரைக்கும் அதை நம்பினேன். கொச்சியில் இறங்கியதும் பெல்ட்டோடு அந்த நம்பிக்கையும் கழன்றுவிட்டது.

விஷயம் என் மனைவிக்கு மட்டும் தெரியும். சந்தில் யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வளைகுடாவிலிருந்து வருகிறவனிடம் எங்கள் பக்கத்தில் இரண்டு கேள்விதான் கேட்பார்கள். “எப்போ வந்தது?” என்பது முதல் கேள்வி. அதற்கு நீங்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் “எப்போ திரிச்சுப் போறது?” என்று, திரும்பிப் போவது பற்றிய அடுத்தது வந்துவிடும். டீக்கடைச் சேட்டன் இரண்டாவதைக் கேட்டபோது, கையில் சாயா தளும்ப, “அடுத்த மாசம் பதினெட்டு” என்று சொல்லித் தொலைத்தேன். ஏன் பதினெட்டு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த வாயை இருபத்தெட்டு என்று திறந்திருந்தால் இன்னும் பத்து நாள் நிம்மதியாகப் பொய் சொல்லியிருக்கலாம்.

அதற்குள் ஒரு வேலையைப் பிடித்துவிட்டால் பொய் தானாகவே உண்மையாகிவிடும் என்பது என் திட்டம். தினமும் காலையில் இஸ்திரி போட்ட சட்டையும் வாசனைத் திரவியமுமாக, நண்பர்களைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்புவேன். போன இடமெல்லாம் எறணாகுளத்து ஏஜென்சிகள். எல்லா இடத்திலும் என்னைப் போலவே இஸ்திரி போட்ட சட்டைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். “எண்ணெய்ப் பக்கமே அனக்கம் இல்லை அண்ணா, யாரும் ஆள் எடுக்கலை” என்று ஏஜென்சிக்காரன் ஒருவன் சொன்னான். காக்கநாட்டில் கண்ணாடிக் கட்டிடம் ஒன்றைப் பராமரிக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கிருந்த பெண் என் அனுபவத்தையெல்லாம் படித்துவிட்டு, “இங்கே எண்ணெய்க் கிணறு ஏதும் இல்லையே சார்” என்றாள். சிரித்தேன்.

தேதி நெருங்க நெருங்க, நான் கணக்கில் எடுக்காத ஒன்று வீட்டுக்குள் நுழைந்தது. பொதி. இங்கிருந்து யார் வளைகுடாவுக்குப் போனாலும், அங்கே ஆள் இருக்கிற வீடுகளெல்லாம் ஆளுக்கொரு பொதியைக் கொடுத்து விடுவது வழக்கம். மறுப்பது மரியாதை இல்லை. நானே எத்தனையோ பேருக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். பத்தாம் தேதி நேந்திரங்காய் வறுவல் வந்தது. பன்னிரண்டில் மாங்காய் ஊறுகாய், மீன் ஊறுகாய், உருக்குத் தேங்காயெண்ணெய். ஒவ்வொன்றிலும் பெயரும் முகாம் எண்ணும் தடித்த எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது. “அதுக்கென்ன, கொடுத்துடறேன்” என்று ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினேன். வேலை இல்லாதவன் வீட்டில் இத்தனை தின்பண்டமும் அதில் ஒன்றைக்கூடத் தொட முடியாத நிலையும் வேறு எந்த ஊரில் நடக்கும்?

கடைசியாகப் பக்கத்து வீட்டு அக்கா, நாங்கள் இத்தா என்று கூப்பிடுகிறவர், வந்தார். அவர் கணவர் அங்கே டிரைவர். கொண்டுவந்தது சர்க்கரை வியாதி மாத்திரை. “அங்கே அவருக்கு இருபதாம் தேதி வரைக்குந்தான் குளிகை இருக்கு. நீ பதினெட்டுக்குப் போறதால பேடி இல்லை, பயப்படாம இருக்கேன்” என்றார். அதையும் வாங்கிக்கொண்டேன். ஊறுகாய்க்கு வராத பயம் அந்த மாத்திரைக்கு வந்தது.

பதினைந்தாம் தேதி மாலை மச்சினன் வந்தான். என் மனைவியின் தம்பி. மாநகராட்சியில் கால்வாய் சுத்தம் செய்கிற பிரிவில் வேலை. ஒவ்வொரு முறையும் என் பெட்டியைக் கட்டுவது அவன்தான். கொச்சங்காடிக் கிடங்கு ஒன்றிலிருந்து கொக்கித் தராசை இரவல் வாங்கி வந்திருந்தான்.

“எத்தனை கிலோ விடுவாங்க அத்தான்? டிக்கெட்டைக் காட்டுங்க.”

“டிக்கெட் மொபைல்ல இருக்குடா.”

“அப்ப மொபைலைக் காட்டுங்க.”

“சார்ஜ் இல்லை.”

அந்த நேரம் பார்த்து மொபைல் என் சட்டைப் பையில் மணியடித்தது. அடுப்படியிலிருந்து என் மனைவி, “அவருக்கு வேலை போய் ரெண்டு மாசம் ஆச்சுடா. பாவம், விடு” என்றாள். அந்தப் ‘பாவம்’தான் என்னைக் கொன்றது.

அவன் திட்டுவான் என்று நினைத்தேன். தராசைக் கீழே வைத்தான். பிறகு கேட்டான்: “ரெண்டு மாசமா வேலை தேடறீங்க. யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது. அதானே...”

“அப்ப எவன் அத்தான் உங்களுக்கு வேலை சொல்லுவான்? ஊரைப் பொறுத்தவரைக்கும் நீங்க பெரிய வேலையில இருக்கிற ஆள். உங்களைப் பார்த்து எல்லாரும் அவனவன் மகனுக்கு வேலை கேட்டுட்டு இருக்கான்!”

மறுநாள் காலையில் பொதிகளை இரண்டு சாக்குப் பைகளில் போட்டு ஒன்றை அவன் தூக்கினான், ஒன்றை நான் தூக்கினேன். வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தோம். முதல் வீட்டு வாசலில் நான் சாக்குப் பையின் முடிச்சை அவிழ்ப்பதிலேயே நின்றுவிட்டேன். “அத்தானுக்கு வேலை போச்சு சேச்சி. இங்கே ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க” என்று அவனே சொன்னான். மூன்றாவது வீட்டில் நான் சொன்னேன். அழப்போகிறேன் என்று பயந்தேன், தும்மல் வந்தது. ஒரு வீட்டில் வறுவலை எங்களுக்கே கொடுத்துவிட்டார்கள். இன்னொரு வீட்டில் ஆட்டோ ஓட்டச் சொன்னார்கள். எனக்குச் சைக்கிளே தகராறு.

இத்தாவின் வீட்டில்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். “என்ட மாப்பிளைட குளிகையை வெச்சாடா நீ நாடகம் ஆடினே?” என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்ச் சுவர்ப் பூனை இறங்கி ஓடியது. மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுக்க, பதினேழாம் தேதி நிஜமாகவே போகிற ஒருவரை மச்சினன் முந்தின இரவே கண்டுபிடித்து வைத்திருந்தான். அதைக் கேட்டதும் இத்தாவின் குரல் இறங்கியது. உள்ளே போய்த் தன் தம்பிக்கு ஃபோன் போட்டார். தம்பி ஒரு காண்டிராக்டரிடம் மேஸ்திரி. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை வருடாந்தரப் பழுதுபார்ப்புக்கு நிறுத்தப் போகிறார்கள், நாற்பது நாளுக்கு ஃபிட்டர் எடுக்கிறார்கள் என்றான். வளைகுடாவில் என்னைத் துரத்திய அதே எண்ணெய்.

மறுநாளே தேவராவில் ஒரு தகரக் கொட்டகையில் தேர்வு. இரண்டு குழாய்களைச் சேர்த்து எட்டு போல்ட் முறுக்க வேண்டும்; எதிரெதிராக முறுக்கினால்தான் கசியாது. இது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆனால் குழாயின் முன் நின்றதும் என் கை தானாக எழுந்து, ஒரு நட்டை நோக்கி விரலை நீட்டியது. தேர்வாளர் என் விரலையும் நட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சேட்டா, விரல் காட்டினா நட்டு முறுகாது. ஸ்பேனரைப் பிடிக்கணும்.”

சுற்றி நின்ற பையன்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிடித்த ஸ்பேனர் வியர்வையில் வழுக்கியது. நான்காவது போல்ட்டுக்குள் உள்ளங்கைத் தோல் உரிந்தது. குழாய்க்குள் தண்ணீர் விட்டு அழுத்தம் ஏற்றினார்கள். அடுத்த ஐந்து நிமிடமும் நான் மூச்சு விட்டதாக நினைவில்லை. ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. பதினெட்டாம் தேதி காலை, விமான நிலையத்துக்கு இல்லை, ஆலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன்.

அதற்குப் பிறகு என் வாழ்க்கை நாற்பது நாள் நாற்பது நாளாகத்தான் ஓடுகிறது. ஓர் ஆலை முடிந்தால் அடுத்தது எங்கே என்று தெரியாது. போன வாரமும் ஒன்று முடிந்தது. மதியமே கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். கால்வாய்ப் பாலத்தின் மேல் வரும்போது கீழே மச்சினன் முழங்காலளவு சேற்றில் நின்று பாசியை வாரிக்கொண்டிருந்தான். வளைகுடாச் சட்டை போட்ட காலத்தில் இப்படி அவனைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன். அன்று கைப்பிடியைப் பிடித்துக் குனிந்து கூப்பிட்டேன்.

“டேய், வேலை முடிஞ்சுதுடா. நாளையிலிருந்து சும்மாதான்!”

பாலத்தில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் நிமிர்ந்து, நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சொன்னான்:

“இன்னும் சத்தமாச் சொல்லுங்க அத்தான். அந்தக் கரைக்குக் கேக்கலை.”