உள்பக்கம் கட்டிய கம்பி

வெங்கடாசலத்துக்கு நான் நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. எங்கள் பென்னாகரம் பக்கத்தில் கடன் வாங்காதவர் யாரும் இல்லை. நான் அடைத்த மாதிரி அடைத்தவரும் இல்லை.

என் பெயர் ராஜமேரி. வயது அறுபத்தேழு. படிப்பு மூன்றாம் வகுப்பு. வாய்ப்பாடு சொல்லத் தெரியாமல் நின்ற அன்று டீச்சர், "நீ எருமை மேய்க்கத்தான் லாயக்கு" என்றார். அப்படியே ஆயிற்று. கல் உடைத்த கூலியைச் சேர்த்து ஒரு எருமை வாங்கினேன். இன்று என் கொட்டகையில் ஒன்பது நிற்கின்றன. மூன்று ஏக்கருக்கு என் பெயரில் பட்டா இருக்கிறது. பிள்ளைகள் இருவரையும் காலேஜுக்கு அனுப்பினேன். எல்லாம் எருமை போட்ட சோறு.

நான் கடாக்கன்று வளர்ப்பது கறிக்கு. இதையும் மறைத்துப் பேச மாட்டேன். ஊரில் எல்லோரும் பாலை ஒட்டக் கறந்து ஊற்றிவிட்டுக் கடாக்கன்றைப் பட்டினி போடுவார்கள். நான் காலையில் மட்டும் கறப்பேன். சாயங்காலப் பால் கன்றுக்கு. "பாலை விக்கத் தெரியாத கிறுக்கி" என்று என் காதுபடவே பேசினார்கள். ஏழாம் மாதம் என் கன்றைப் பார்த்தவர்கள் அப்புறம் பேசவில்லை.

ஏழு மாதமானால் கன்றுக்குப் பால் மறக்கடிக்க வேண்டும். தாயை விட்டுப் பிரித்து, தீவனமும் தண்ணீரும் போதும் என்று பழக்க வேண்டும். பழகாத கன்றை லாரியில் ஏற்றினால் போன இடத்தில் கத்திக் கத்தியே இளைத்துவிடும். வெங்கடாசலம் கன்று வாங்கிப்போய், இன்னும் ஒரு வருஷம் கொழுக்க வைக்கிறவர்களுக்கு விற்கிற வியாபாரி. இளைத்த கன்றை அவர் தொடமாட்டார். எட்டுக் கன்றுக்கு அவர் கொடுத்த முன்பணம்தான் அந்த நாற்பத்தெட்டாயிரம்.

அந்த வருஷம் கன்றுகளை அடைக்கக் கல்லுக்கால் நட்டு ஐந்து வரிசை கம்பி கட்டினேன். கட்டியவன் முருகேஷ், வேலி வேலையில் பெயர் வாங்கியவன். தாய் எருமைகளைத் தெற்கே ஒரு மைல் தள்ளி என் தம்பி கொல்லையில் கொண்டுபோய் விட்டேன். கண்ணில் படாவிட்டால் மறந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

மூன்றாம் நாள் விடியலில் வேலி சாய்ந்து கிடந்தது. தாயைத் தேடித் தெற்கே ஓடிய கன்றுகள் வேலியை ஒட்டியிருந்த பக்கத்துக்காரர் சென்றாயன் கொல்லையில் புகுந்து மரவள்ளி இலையைத் தின்றிருந்தன. பச்சை மரவள்ளி இலை மாட்டுக்கு விஷம். டாக்டர் வருவதற்குள் மூன்று கன்றுகள் வாயில் நுரை தள்ளி விழுந்துவிட்டன.

சென்றாயன் வரப்பில் உட்கார்ந்து அழுதுவிட்டார். "நான் விஷம் வெச்சேன்னு ஊருல பேசுவாங்களே மேரிக்கா. இந்தப் பாவத்த நான் எங்க கொண்டுபோய்க் கழுவுவேன்?"

"உன் மரவள்ளி நடந்தா வந்துச்சு? எங்கன்னுதான் வந்துச்சு. எந்திரி" என்றேன்.

மிச்சம் ஐந்தும் எலும்பு தெரிய நின்றன. வெங்கடாசலம் பார்த்துவிட்டு லாரியை வெறுமனே திருப்பினார். அவற்றைச் சந்தையில் தள்ளிய பணம் வைத்தியத்துக்கும் தீவனக் கடைக்கும் போயிற்று. கடன் அப்படியே நின்றது. "அடுத்த வருசம் குடுங்க, பாக்கறேன். அதுவும் போச்சுன்னா ஒரு எருமைய ஓட்டிக்கிட்டுப் போயிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் எருமையை வேறொருவன் ஓட்டுவதா?

மறுநாள் வேலியை நானே சுற்றிப் பார்த்தேன். ஒரு கல்கூடச் சாயவில்லை. ஒரு கம்பியும் அறவில்லை. கம்பியைக் கல்லோடு சேர்த்துக் கட்டிய சின்னக் கட்டுக்கம்பிகள்தான் தெறித்திருந்தன. எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் வேலி என்றால் காட்டுப்பன்றி உள்ளே வராமல் இருக்க. அதனால் கம்பியைக் கல்லின் வெளிப்பக்கம் கட்டுவார்கள். பன்றி முட்டினால் கல் தாங்கும். என் கன்றுகள் முட்டியதோ உள்ளேயிருந்து. அந்தப் பக்கம் தாங்குவதற்குக் கல் இல்லை, கட்டுக்கம்பிதான் இருந்தது.

முருகேஷைக் கூப்பிட்டு, கம்பியைக் கழற்றி உள்பக்கம் கட்டச் சொன்னேன்.

"சட்டையத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கும் ஆயா. ஊரே சிரிக்கும். எம்பேரு என்னாவறது?"

"உனக்குக் கூலி ஊரு தருதா, நான் தரனாடா?"

அன்றே கழற்றிக் கட்டினான்.

இன்னொன்றும் கவனித்திருந்தேன். மிச்சமான ஐந்தில் ஒன்று மட்டும் மற்றவற்றைப் போல அவ்வளவு இளைக்கவில்லை. அதன் தாய்க்குக் கால் வீங்கியிருந்ததால் தம்பி கொல்லைக்கு நடக்க முடியாமல், தாய் வேலியோரம் கட்டிக் கிடந்தது. தாய் கண்ணெதிரே நின்றதால் கன்று போட்ட சோளத்தட்டைத் தின்றிருக்கிறது. எனவே அடுத்த வருஷம் தாய்களைத் தூரத்தில் விடவில்லை. வடக்கே, வீட்டுப் பக்கம், வேலியை ஒட்டியே கட்டினேன். மூக்கோடு மூக்கு உரசலாம், மடியில் வாய் வைக்க முடியாது. அந்தப் பக்கம் தாயும் முட்டும் கன்றும் முட்டும் என்று இரண்டு பக்கமும் கம்பி கட்டினேன்.

அந்த வருஷம் ஏழு கன்றுகள். முதல் நாள் அவை போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு டிவி கேட்கவில்லையாம். இரண்டாம் நாள் மத்தியானம் பெரிய எருமை ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு வேலியைச் சுற்றித் தெற்குப் பக்கம் போய்விட்டது. அதன் கன்று உள்ளுக்குள்ளேயே கூட ஓடியது.

"மேரிக்கா! உன் எருமை என் மரவள்ளியில நிக்குது! ஓடியா!" என்று சென்றாயன் போட்ட கூச்சலில் நான் கறவை வாளியோடு ஓடினேன்.

கன்று உள்ளேயிருந்து முட்டியது. கம்பி கல்லில் பதிந்து கிண்ணென்றது, அசையவில்லை. ஆனால் தாய் வெளியேயிருந்து முட்டிக்கொண்டிருந்தது. தெற்கே கல்லின் உள்பக்கம் மட்டும்தான் கம்பி. இரண்டு கட்டு தெறித்துவிட்டது. தெற்கையும் இரட்டையாகக் கட்டாதது என் தப்பு. அந்தத் தப்பைக் கண்டுபிடித்தவளும் நான்தான்.

சென்றாயன் வேலிக்குள் புகுந்து, கம்பி தளர்ந்த இடத்தில் முதுகைக் கொடுத்து நின்றார். "சீக்கிரம் இழுத்துக்கிட்டுப் போக்கா! என் எலும்பு ஒடையறதுக்குள்ள!"

எருமையை இழுத்தால் வருமா? நான் இழுக்கவில்லை. வாளியைத் தட்டினேன். பால் வற்றட்டும் என்று முந்தின நாளிலிருந்து கறக்காமல் விட்டதில் மடி கட்டிக் கிடந்த எருமைக்கு அந்தச் சத்தம் போதும். தலையைத் திருப்பி, என் பின்னால் நடக்க ஆரம்பித்தது. கன்றும் உள்ளே கூடவே நடந்து வடக்குப் பக்கம் வந்து நின்றது. மடி இறுக்கம் தீர்கிற அளவுக்கு மட்டும் கறந்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் நானும் சென்றாயனும் தெற்கிலும் இரண்டாம் கம்பியை இழுத்துக் கட்டினோம்.

நாலாம் நாள் எருமைகள் கன்றுகளைத் திரும்பிப் பார்க்காமல் மேயப் போயின. கன்றுகளும் தொட்டியில் தலையை விட்டால் எடுக்கவில்லை.

பத்தாம் நாள் வெங்கடாசலம் வந்தார். வேலியைப் பார்த்துச் சிரித்தார். "என்னாங்க ராஜமேரியம்மா, வேலி திரும்பி நிக்குது?"

"கன்னு நேரா நிக்குதுங்களே, அதப் பாருங்க."

பார்த்தார். முதுகைத் தடவினார், வயிற்றை அமுக்கினார். பிறகு சந்தை வழக்கப்படி, துண்டை விரித்து அதனடியில் விரல் பிடித்து விலை பேச வந்தார். "அதெல்லாம் வேணாங்க. எடை போடுவோம். கிலோ நூத்தி முப்பது" என்றேன். சென்றாயனையும் கூட்டிக்கொண்டு போய் ஊர் எடைமேடையில் ஏற்றினோம். ஏழும் சேர்ந்து தொள்ளாயிரத்து எண்பது கிலோ நின்றன.

"ஒரு லட்சத்து இருபத்தேழாயிரத்து நானூறு. உங்க நாப்பத்தெட்ட எடுத்துக்கிட்டு மிச்சத்தக் குடுங்க" என்றேன். அவர் போனில் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மனசிலேயே போட்டுவிட்டேன்.

கையை நீட்டினேன். ஐந்நூறு நோட்டுகளை எண்ணி எண்ணி உள்ளங்கையில் வைத்தார். நூற்றைம்பத்தெட்டு நோட்டு. சென்றாயனும் நின்று எண்ணினார்.

"எழுவத்தொம்பதாயிரம். அந்த நானூற உட்டுருங்கம்மா, டீச்செலவுக்கு."

"டீ நான் வாங்கித் தரனுங்க. நானூற வையுங்க."

சிரித்துக்கொண்டே சட்டைப் பையைத் துழாவி, இரண்டு இருநூறு ரூபாய் நோட்டுகளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.